வெளியே விழாத தோட்டா உறை

சினிமாவில் இந்தக் காட்சியைப் பலமுறை பார்த்திருப்போம். வில்லன் விசையை அழுத்துவான். துப்பாக்கி சுடாது. அந்த ஒரு நொடியில் கதாநாயகன் பாய்ந்துவிடுவான். துப்பாக்கி ஏன் சுடவில்லை என்று எந்தப் படமும் நின்று விளக்குவதில்லை. நமக்கும் அது தேவைப்படுவதில்லை.

ஆனால், உரிமம் பெற்றுச் சங்கங்களில் துப்பாக்கி சுடுபவர்களுக்கு அதுதான் முதல் கேள்வி. பழைய கைத்துப்பாக்கி என்றால் விடை பெரும்பாலும் ஒரு சிறிய பித்தளைத் துண்டில் இருக்கும். சுட்ட பிறகு வெளியே விழ வேண்டிய, ஆனால் விழாமல் சிக்கிக்கொண்ட தோட்டா உறை அது.

பிலிப்பீன்ஸில் தொடங்கிய கதை

உலகின் புகழ்பெற்ற பழைய கைத்துப்பாக்கிகளில் ஒன்று எம்1911. அமெரிக்கரான ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்தது. அது உருவானதற்கு நம் அண்டை நாடும் ஒரு காரணம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் பிலிப்பீன்ஸில் மோரோ போராளிகளோடு மோதிய அமெரிக்கப் படையினர், தங்களிடம் இருந்த .38 ரிவால்வருக்கு வலு போதவில்லை என்று புகார் செய்தனர். அதன் பிறகே அமெரிக்க ராணுவம் .45 அளவில் புதிய துப்பாக்கியைத் தேடியது.

இறுதிச் சோதனையில் பிரவுனிங்கின் துப்பாக்கி 6,000 தோட்டாக்களைச் சுட்டது. சூடேறியபோது தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். ஒரு கோளாறும் பதிவாகவில்லை. 1911 மார்ச் 29ஆம் தேதி ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. 1985 வரை அதுவே அந்த நாட்டு ராணுவத்தின் முதன்மைக் கைத்துப்பாக்கி.

அப்படிப்பட்ட துப்பாக்கியும் வயதானால் முரண்டு பிடிக்கும். ஸ்பிரிங் தளரும், கொக்கி தேயும், பழைய எண்ணெய் பிசினாக இறுகும்.

கண் இமைப்பதற்குள் நடப்பது

அரைத் தானியங்கித் துப்பாக்கி தன் சொந்த உதையையே வேலைக்காரனாக்கிக்கொள்கிறது. குண்டு முன்னே பாயும்போது, மேலே உள்ள ஸ்லைடு பின்னால் தள்ளப்படும். அதிலிருக்கும் எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி, காலி உறையின் விளிம்பைப் பிடித்து அறையிலிருந்து இழுத்து வரும். பின்னால் அசையாமல் நிற்கும் எஜெக்டர் என்ற சிறு முனையில் உறை மோதிப் பக்கவாட்டுத் திறப்பு வழியே வெளியே தெறிக்கும். பிறகு ஸ்பிரிங் ஸ்லைடை முன்னே தள்ள, அடுத்த தோட்டா மேகசினிலிருந்து ஏறி அறைக்குள் போகும்.

ஆக, உறை வெளியேற மூன்று காரியம் சரியாக நடக்க வேண்டும். ஸ்லைடு முழுத் தூரம் பின்னால் போக வேண்டும், கொக்கி பிடியை விடக்கூடாது, எஜெக்டர் சரியாகத் தட்ட வேண்டும்.

அடையாளம் பார்ப்பது

அனுபவமுள்ள துப்பாக்கி மெக்கானிக் கழற்றுவதற்கு முன் கவனிப்பார். உறை எங்கே மாட்டியிருக்கிறது என்பதே பாதி விடை.

உறை திறப்பில் புகைபோக்கி மாதிரி செங்குத்தாக நின்றால் அதற்கு ‘ஸ்டவ்பைப்’ என்று பெயர். உறை அறையை விட்டு வந்துவிட்டது. வெளியே போகத்தான் வேகம் போதவில்லை. மாறாக, காலி உறை அறையிலேயே இருக்க, அடுத்த தோட்டா பின்னால் வந்து முட்டி நின்றால், கொக்கி உறையை இழுக்கவே இல்லை என்று பொருள். சந்தேகம் அழுக்கடைந்த அறை மீதும் தேய்ந்த கொக்கி மீதும் போகும்.

சரியாக விழும் உறைகளும் சேதி சொல்லும். காலடியிலேயே சோர்ந்து விழுந்தால், தோட்டா வலுவற்றது அல்லது ஸ்பிரிங் அளவுக்கு மீறி இறுக்கமானது. வழக்கத்தைவிட வெகுதூரம் பறந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். சுடுபவரின் நெற்றியை நோக்கி வந்தால் எக்ஸ்ட்ராக்டரின் இறுக்கத்தைப் பார்க்க வேண்டும்.

மலிவானதிலிருந்து தொடங்குங்கள்

பழுது பார்ப்பதில் ஒரே விதி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. ஐந்தை ஒன்றாக மாற்றினால் கோளாறு போனாலும் காரணம் தெரியாது.

முதலில் தோட்டா. வேறு பெட்டி, வேறு தயாரிப்பு. அடுத்து சுடுபவர். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் துப்பாக்கி முழுவதுமே பின்னால் நகர்ந்துவிடும். ஸ்லைடுக்குப் போக வேண்டிய வேகம் கையில் கரைந்துவிடும். இன்னொருவர் சுடும்போது சிக்காவிட்டால் குறை இரும்பில் இல்லை. மூன்றாவது மேகசின். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்தால், சிக்குவது எப்போதும் ஒரே மேகசினிலா என்று தெரிந்துவிடும். பிறகு சுத்தம், குறிப்பாக அறையும் கொக்கியின் அடிப்பகுதியும். அதன் பிறகு ஸ்பிரிங். 5 அங்குலக் குழல் கொண்ட .45 எம்1911க்கு வழக்கமான ஸ்பிரிங் 16 பவுண்டு. விலையும் குறைவு.

எக்ஸ்ட்ராக்டரும் எஜெக்டரும் கடைசி. எம்1911இன் எக்ஸ்ட்ராக்டர் ஒரு நீளமான ஸ்பிரிங் எஃகுத் துண்டு. அதன் வளைவுதான் அதன் பலம். தோட்டாவை நேரடியாக அறையில் போட்டு ஸ்லைடை விடும் பழக்கம் அதைக் கெடுக்கும். மேகசினிலிருந்து ஏறும் தோட்டா கொக்கிக்கு அடியில் வழுக்கி நுழையும் வகையில்தான் பிரவுனிங் அதை அமைத்தார். அதை வளைத்துச் சரிசெய்வது பயிற்சி பெற்றவரின் வேலை.

சுடாத துப்பாக்கி காலித் துப்பாக்கி அல்ல

இந்த இடத்தில்தான் உயிர் போகும் ஆபத்து இருக்கிறது. துப்பாக்கி சிக்கியதும் பலர் குனிந்து அதைத் தங்கள் பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள். அறைக்குள் உயிருள்ள தோட்டா இருக்கலாம். முனை எப்போதும் குறிப்பலகை பக்கம், விரல் எப்போதும் விசைக்கு வெளியே.

மேகசினை முதலில் எடுத்த பிறகே ஸ்லைடை இழுக்க வேண்டும். வரிசை மாறினால், ஸ்லைடு இன்னொரு தோட்டாவை அறைக்குள் ஏற்றிவிடும். பிறகு மேகசினை உருவியவர் துப்பாக்கி காலி என்று நம்பிவிடுவார். சுட்ட ஓசை வழக்கத்தைவிட மெல்லியதாகக் கேட்டால் உடனே நிறுத்த வேண்டும். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

ஒலிம்பிக்கின் 25 மீட்டர் பிஸ்டல் போட்டி விதி இதற்கு நல்ல பாடம். உறை வெளியேறாமல் சிக்கினால் வீரர் துப்பாக்கியைக் குறிப்பலகை பக்கமே வைத்துக்கொண்டு கையை உயர்த்தி நடுவரை அழைக்க வேண்டும். அது அனுமதிக்கப்பட்ட கோளாறு. ஆனால் நடுவர் பார்க்கும் முன்பே தானாக நோண்டினால் அந்தச் சலுகை போய்விடும். பதக்கத்துக்குப் போட்டியிடுபவருக்கே அவசரப்பட அனுமதி இல்லை.

வீட்டில் பழைய துப்பாக்கி கிடைத்தால்

சங்கமும் உரிமமும் இல்லாத நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பழைய வீட்டைச் சுத்தம் செய்யும்போது பரண்மேல் எப்போதோ வைத்த துப்பாக்கி கைக்கு வரக்கூடும். துருப்பிடித்திருக்கிறது, வேலை செய்யாது என்று நினைத்து இழுத்துப் பார்க்காதீர்கள். கைபேசியில் படமெடுக்கத் தூக்கிப் பிடிக்காதீர்கள். பிள்ளைகளை அப்புறப்படுத்தி, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு 999க்கு அழையுங்கள்.

நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளும் எண்ணமும் வேண்டாம். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் மலேசியாவின் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் கிடைக்கலாம். சிங்கப்பூரில் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, அங்கும் குறைந்தது 6 பிரம்படி. தாத்தாவின் ஞாபகத்துக்கு அவருடைய புகைப்படம் போதும்.