எனது இல., உமது இல.: மத்திய வங்கியின் கடிதத் தொடர்பும் கிளிவெட்டி உழவரும்

இலங்கையில் அரசாங்க அலுவலகம் எதிலிருந்தும் வரும் கடிதத்தின் தலைப்பை நோக்குவோர் அங்கு மூன்று சிறு தொடர்கள் மும்மொழியிலும் அச்சிடப்பட்டிருக்கக் காண்பர். எனது இல., உமது இல., திகதி என்பனவே அவை. கடிதத்தின் பொருளை அறிய விரைவோர் இவற்றைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஆயின் அலுவலகத்தைப் பொறுத்தவரை கடிதத்தின் உயிர்நிலை இம்மூன்றிலுமே தங்கியுள்ளது. இலக்கம் இல்லாத கடிதம் கோவையிற் சேராது. கோவையிற் சேராத கடிதத்துக்கு விடையும் இல்லை. நாட்டின் நாணயத்தையும் கடனையும் நெறிப்படுத்தும் மத்திய வங்கியின் கடிதத் தொடர்பு எவ்வாறு இலக்கமிடப்பட்டு ஒழுங்கு செய்யப்படுகிறது என்பதையும், அவ்வொழுங்கு கிளிவெட்டி போன்றதொரு நெல்விளை கிராமத்தை எவ்வாறு சென்றடைகிறது என்பதையும் இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம்.

முதலில் இலக்கத்தின் தொழிற்பாட்டைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும். அது மூன்று பணிகளைப் புரிகிறது. ஒரு கடிதத்தைப் பிற கடிதங்களிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவது முதலாவது. அதனை ஒரு வரிசையில் நிறுத்தி, முந்தியது எது பிந்தியது எது என அறிவிப்பது இரண்டாவது. அக்கடிதத்தை அதற்கு முன்னர் எழுந்த வினாவோடும் பின்னர் எழும் விடையோடும் பிணைப்பது மூன்றாவது. முதலிரண்டையும் தொடரிலக்கமே நிறைவேற்றும். மூன்றாவதற்கு ‘உமது இல.’ என்னும் இடம் இன்றியமையாதது. அதில் எதிர்த்தரப்பாரின் இலக்கம் எழுதப்படும்போதுதான் தனித்தனித் தாள்கள் உரையாடலாகின்றன. வரிசையில் ஓர் இலக்கம் விடுபட்டிருப்பின் அவ்விடைவெளியே ஒரு சான்றாகிவிடும். 14க்கும் 16க்கும் இடையில் 15 எங்கே என்று எவரும் கேட்கலாம். இலக்கமிடுதல் அதிகாரத்துக்குக் கருவியாவது போலவே அதன்மீதான கண்காணிப்புக்கும் வாயிலாவது இதனாலேயே.

தமிழர் வரலாற்றில் இது புதியதன்று. சோழப் பேரரசின் சாசனங்கள், அரசன் வாய்மொழியாக இட்ட ஆணை திருமந்திர ஓலையாக எழுதப்பட்டதையும், ஓலைநாயகம் அதனை ஒப்பியதையும், பின்னர் அது வரிப்பொத்தகத்திற் பதிவு பெற்றதையும் படிமுறையாக விவரிக்கின்றன. ஆட்சியாண்டும் அவ்வாண்டின் நாளெண்ணும் ஆணையின் அடையாளமாக அமைந்தன. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலத்தை வழங்கிய முதலாம் இராசராசனின் ஆணை, 21ஆம் ஆட்சியாண்டின் 92ஆம் நாளுக்குரியது என இலெய்டன் செப்பேடு கூறுவது இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. நிலவருவாயே அரசின் அடித்தளமாக இருந்த சமூகத்தில், எந்த நிலம் யாருக்கு எப்போது இறையிலியாயிற்று என்பதை நினைவில் வைத்திருக்கும் தேவையிலிருந்தே இப்பதிவுமுறை தோன்றிற்று. அந்நினைவு யாருடையது என்பதும் கவனித்தற்குரியது. ஓலை நாயகர்களிடம் இருந்தது. நிலத்தை உழுதவனிடம் இருக்கவில்லை.

குடியேற்ற ஆட்சி இம்முறையைக் கடல்கடந்த ஆட்சிக்கு ஏற்ப விரிவாக்கியது. தேசாதிபதி இலண்டனுக்கு அனுப்பிய அறிக்கைக் கடிதங்கள் ஆண்டுதோறும் தொடரிலக்கமிடப்பட்டன. அந்தரங்கக் கடிதங்களுக்கும் இரகசியக் கடிதங்களுக்கும் வேறு வரிசைகள் இருந்தன. இலங்கை தொடர்பான அக்கடிதக் கோவைகள் இன்றும் பிரித்தானியத் தேசிய சுவடிகள் காப்பகத்தில் ‘சீ. ஓ. 54’ என்னும் குறியீட்டின் கீழ்ப் பேணப்படுகின்றன. நம் முன்னோரைப் பற்றிய ஆவணங்களைக் காண நாம் இலண்டன் செல்லவேண்டியிருப்பது, இலக்கமிட்டவன் எவனோ அவனே நினைவின் உடைமையாளனாகிறான் என்பதை உணர்த்துகிறது.

1884ஆம் ஆண்டின் கடதாசி நாணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கிய நாணயச் சபை முறை, ஏற்றுமதித் தோட்டப் பொருளாதாரத்தின் தேவைகளுக்கு இயைந்ததாயிருந்தது. சுதந்திரத்தின் பின்னர் சுயமான நாணய நிறுவனம் வேண்டப்பட்டபோது, ஐக்கிய அமெரிக்காவின் பெடரல் றிசேர்வ் முறைமையிலிருந்து ஜோன் எக்ஸ்ரர் வரவழைக்கப்பட்டார். அவரது அறிக்கை 1949இல் வெளிவந்தது. அவ்வாண்டின் 58ஆம் இலக்க நாணயவிதிச் சட்டத்தின்படி 1950 ஆகத்து 28ஆம் திகதி மத்திய வங்கி தொழிற்படத் தொடங்கியது. எக்ஸ்ரரே அதன் முதல் ஆளுநருமானார். 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் பின்னர் நாணயவிதிச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது.

எக்ஸ்ரர் வந்த முறைமையே இலக்கமிடுதலின் பயனை நன்கு விளக்குவது. 1913ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய பெடரல் றிசேர்வ் 12 மாவட்ட வங்கிகளைக் கொண்டது. அவ்வங்கிகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் உரியன. பொஸ்ரன் முதலாவது, சான் பிரான்சிஸ்கோ பன்னிரண்டாவது. மத்தியிலிருந்து வெளியிடப்படும் ஒழுங்குவிதிகள் ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துகளாற் குறிக்கப்பட்டன. எழுத்துகள் முடிவுற்றபோது இரட்டை எழுத்துகள் தொடங்கின. மேற்பார்வைக் கடிதங்கள் ஆண்டெண்ணும் தொடரெண்ணும் இணைந்த குறியைப் பெறுகின்றன. 11-7 எனின் 2011ஆம் ஆண்டின் ஏழாவது கடிதம். பரந்த நாடொன்றில் தனித்தனியே இயங்கும் வங்கிகள் ஒரே விதியை ஒரே பொருளிற் கொள்வதற்கு இத்தகைய குறிகள் அவசியமாயின.

இலங்கை மத்திய வங்கியின் பணிப்புகளும் இவ்வாறே ஆண்டையும் தொடரெண்ணையும் கொண்டு வழங்குவன. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டத்தின் கீழ், நிறுவன ஆளுகை பற்றி உரிமம்பெற்ற வர்த்தக வங்கிகளுக்கு விடுக்கப்பட்டது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பணிப்பு. சிறப்பியல்பு வங்கிகளுக்கு விடுக்கப்பட்டது 12ஆம் இலக்கப் பணிப்பு. அடுத்தடுத்த இரு எண்கள், ஒரே பொருளை இருவகை நிறுவனங்களுக்குப் பகுத்துரைத்தன. பணிப்பு, சுற்றுநிருபம், வழிகாட்டி நெறி என்னும் வகைப்பாடும் வெறும் பெயர் வேறுபாடன்று. முன்னையது சட்டத்தின் வலுவுடையது. பின்னையவற்றின் வலு அவ்வவை எழுந்த சூழலைப் பொறுத்தது. ஆதலால் ஒரு கடிதம் எந்த வரிசையில் இலக்கமிடப்படுகிறது என்பதே அது எவ்வளவு கட்டுப்படுத்தும் என்பதையும் அறிவிக்கிறது.

இம்முறையின் முதன்மையான இடர், திருத்தத்தின்மேல் திருத்தமாகப் படைபடையாய்ப் பெருகும் இயல்பாகும். பழைய கடிதம் நீக்கப்பட்டதா, ஒரு பகுதி மட்டும் மாற்றப்பட்டதா என அறியப் பல ஆண்டுக் கோவைகளைப் புரட்ட வேண்டியதாகிறது. இந்திய றிசேர்வ் வங்கி 2025இல் 9,000க்கும் மேற்பட்ட சுற்றறிக்கைகளை நீக்கி, அவற்றின் உள்ளடக்கத்தைச் சில நூறு தொகுப்பு நெறிமுறைகளுள் அடக்க முற்பட்டது இவ்விடரின் பரிமாணத்தைக் காட்டும். எது நடைமுறையிலுள்ள விதி என்பதைச் சட்டத்தரணியை அமர்த்தக்கூடிய பெருநிறுவனம் எவ்வாறேனும் அறிந்துகொள்ளும். சிறு கடனாளிக்கு அவ்வாய்ப்பு இல்லை.

இனிக் கிளிவெட்டிக்கு வருவோம். திருகோணமலை மாவட்டத்தில், பழைய கொட்டியாரப்பற்றில், திருகோணமலை - மட்டக்களப்பு வீதியில் அமைந்த இவ்வூர் நெற்செய்கையை வாழ்வாகக் கொண்டது. 1986இல் தொடங்கிய புதிய விரிவான கிராமியக் கடன் திட்டம் போன்றவற்றில், பங்குபற்றும் வங்கிகள் தம் நிதியிலிருந்து செய்கைக் கடன் வழங்க, வட்டி மானியம் அரசாங்கத்தின் சார்பில் மத்திய வங்கியூடாக வழங்கப்பட்டது. அதற்கான அறிவுறுத்தல் கொழும்பில் ஓர் இலக்கத்தோடு பிறக்கிறது. வங்கியின் தலைமை அலுவலகம் அதனைத் தன் உள்ளகச் சுற்றுநிருபமாக்குகையில் வேறோர் இலக்கம் பெறுகிறது. கிளைக்கு வரும்போது கோவை இலக்கம். உழவர் கைக்கு வரும்போது கடன் இலக்கம். கமநல சேவை நிலையத்தின் காணி இடாப்பிலுள்ள பதிவு இவற்றோடு சேரவேண்டிய மற்றொன்று. படி இறங்குந்தோறும் மூல இலக்கம் மறைகிறது. தாம் எந்த விதியின்படி தகுதியற்றவராயினார் என உழவர் வினவ விரும்பினும் எதனைச் சுட்டி வினவுவது? அவர் கையிலுள்ளது இறுதிப்படியின் எண் மட்டுமே. கடிதம் மேலே சென்று மீள்வதற்குள் பெரும்போக விதைப்புக் காலம் கடந்துவிடும். மழை எந்தக் கோவைக்காகவும் காத்திருப்பதில்லை. அவ்வேளையில் அவர் நாடுவது நெல்லை முற்பிணையாகக் கொள்ளும் வணிகரையே. அங்கே இலக்கமும் இல்லை, விடை கேட்கும் உரிமையும் இல்லை.

போர் இந்நிலையை மேலும் கொடிதாக்கியது. 2006இல் சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் பலர் பின்னர் ஆண்டுக்கணக்கில் கிளிவெட்டி முகாமில் வாழ நேர்ந்தது. அவர்களது நிலப்பரப்பு 2007 மே மாதத்தில் அதிவிசேட வர்த்தமானி அறிவித்தல் மூலம் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. நிலத்தை எடுத்துக்கொண்ட அரசாணைக்கு இலக்கம் இருந்தது. நிலத்தை இழந்தோரிடம் உறுதியோ, அனுமதிப்பத்திரமோ, வங்கிப் புத்தகமோ எஞ்சியிருக்கவில்லை எனின், தம் உரிமையை நிறுவும் பளு அவர்கள் மீதே விழுந்தது. எண்ணின் இருமுகத் தன்மையை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது.

அதிகாரிவர்க்கம் அரசைத் தன் தனியுடைமையாகக் கருதுவதையும், இரகசியமும் அறிவின் படிவரிசையும் அதன் காவலரண்களாக அமைவதையும் 1843இல் ஹெகலை விமரிசித்தபோதே மார்க்ஸ் சுட்டிக்காட்டினார். பதிவும் கணக்கீடும் எழுத்தறிந்த எவரும் ஆற்றக்கூடிய எளிய பணிகளாகும் என 1917இல் ‘அரசும் புரட்சியும்’ நூலில் லெனின் எதிர்பார்த்தார். அவ்வெதிர்பார்ப்பு தானாக நிறைவேறுவதன்று என்பதைச் சோசலிச நாடுகளின் அனுபவமும் உணர்த்தியது. பதிவேட்டை வைத்திருப்போர் மாறினால் மட்டும் போதாது. பதிவேடு திறந்திருத்தலும் வேண்டும்.

இவ்வகையில் இரு சட்ட ஏற்பாடுகள் கருதத்தக்கன. 1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிருவாக மொழியாகும். தமிழில் எழுதித் தமிழில் விடைபெறும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், பொது அதிகாரசபைகள் தம் பதிவேடுகளை அட்டவணைப்படுத்திச் சுட்டியிட்டுப் பேணவேண்டும் எனவும், புதிய பதிவேடுகளைக் குறைந்தது 12 ஆண்டுகள் பாதுகாக்கவேண்டும் எனவும் விதிக்கிறது. அதாவது கோவையை ஒழுங்காக வைத்திருத்தல் அலுவலகத்தின் உள்விவகாரம் என்னும் நிலை மாறி, மக்களுக்குச் செலுத்தவேண்டிய கடமையாகிவிட்டது.

சட்டத்தில் உள்ளதை நடைமுறையாக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கடனை மறுக்கும் ஒவ்வொரு கடிதத்திலும் கிளையின் இலக்கத்தோடு மூலப் பணிப்பின் இலக்கமும் ஆண்டும் தமிழிற் குறிக்கப்படல் வேண்டும். நடைமுறையிலுள்ள சுற்றுநிருபங்களின் பட்டியல் கிளைகளிலும் கமநல சேவை நிலையங்களிலும் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். உழவர் கொடுக்கும் விண்ணப்பத்துக்கு அன்றே இலக்கமிட்ட பற்றுச்சீட்டு வழங்கப்படல் வேண்டும். விவசாய அமைப்புகள் இவற்றைக் கோரிக்கைகளாக முன்வைத்தல் பொருத்தமானது. ‘எனது இல.’ என்பதை அலுவலகம் என்றும் மறவாமல் எழுதி வந்திருக்கிறது. ‘உமது இல.’ என்னும் இடம் கிளிவெட்டி உழவருக்கு வெறுமையாய் விடப்படாதிருக்கும் நாளிலேயே அக்கடிதம் உண்மையில் இருதரப்புக் கடிதமாகும்.