மாமரம் ஏன் இலையை மட்டும் தருகிறது?

கம்போங் மேடான் அடுக்குமாடிகளின் அடியிலும் பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய தாமான்களிலும் மாமரங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், பல மரங்கள் குடைபோல் தழைத்து நிற்கின்றனவே தவிர, காய்ப்பதில்லை. “மலட்டு மரம், வெட்டிவிடலாம்” என்று வீட்டில் பேச்சு எழும். மாணவர்களே, வெட்டுவதற்கு முன் அறிவியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

மாங்கிளையின் நுனியில் இருக்கும் மொட்டு, இலைக் கொழுந்தாகவும் மாறலாம், பூங்கொத்தாகவும் மாறலாம். தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் அது கொழுந்தாகிறது. சில வாரங்கள் மழையில்லாமலோ இரவுகள் குளிர்ந்தோ மரத்தின் வளர்ச்சி நின்றால், இலைகள் நன்றாக முற்றி, மொட்டு பூவாக மாறுகிறது. அந்த ஓய்வுதான் மரத்துக்குப் ‘பூக்கும் நேரம்’ என்ற சமிக்ஞை.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 3 பாகை வடக்கே உள்ளது. இங்கு ஆண்டு முழுவதும் பகலின் நீளம் 20 நிமிட அளவே மாறும். இரவு வெப்பம் பெரும்பாலும் 22 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவதில்லை. ஆண்டு மழை சராசரியாக 2,400 மில்லிமீட்டருக்குக் குறையாது. சராசரியில் முற்றிலும் வறண்ட மாதம் என்று ஒன்றுமில்லை. மாமரத்துக்கு ஓய்வு கிடைப்பது எப்படி?

தமிழ்நாட்டின் சேலம், கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தை, மாசி மாதங்கள் வறண்டுவிடும். மா பூத்துக் குலுங்கும். நம் நாட்டிலேயே பெர்லிஸ் மாநிலத்தில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை மிகக் குறைவு. புகழ்பெற்ற ஹாருமானிஸ் மாம்பழம் அங்கே சிறப்பாக விளைய இந்த வறட்சி முக்கியக் காரணம். அதே கன்றைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் நட்டால் மரம் வளரும். பழத்துக்கு உறுதி சொல்ல முடியாது.

பூத்தாலும் இன்னொரு தடை உண்டு. மார்ச், ஏப்ரல் மாதங்களின் மாலை இடிமழையில் பூங்கொத்துகள் நனைந்தால், ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய் பரவும். பூக்கள் கறுத்து உதிரும். தப்பிப் பிழைத்த காயைப் பழ ஈ துளைக்கும்.

அப்படியானால் மரத்தை வெட்டத்தான் வேண்டுமா? வேண்டாம். உட்புறம் நெருங்கிய கிளைகளைக் கழித்தால் காற்றும் வெயிலும் உள்ளே புகும். பூங்கொத்து விரைவில் காயும். மழை குறையும் வாரங்களில் யூரியா, கோழி எரு போடாதீர்கள். உதிர்ந்த நோயுற்ற இலைகளைக் கூட்டி அகற்றுங்கள். பிஞ்சுகளைக் காகிதப் பையால் மூடுங்கள். விதையிலிருந்து முளைத்த மரமாக இருந்தால், காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். காய்க்காத ஆண்டிலும் அது நிழல் தருகிறது. சிமெண்ட் தரையின் சூட்டைத் தணிக்கிறது.

புதிதாக நடுபவர்கள் நம் மழைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கலாம். வாழை, பப்பாளி, பலா ஆகியவற்றுக்கு நீண்ட வறட்சி தேவையில்லை. மாடிவாசிகளுக்குக் கங்கோங் கீரை இருக்கிறது. மூன்று, நான்கு வாரங்களில் பறிக்கலாம். வெண்டை ஏறக்குறைய 50 நாளில் காய்க்கும்.

மண்ணையும் கவனிக்க வேண்டும். ஓயாத மழை, மண்ணிலுள்ள கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகிய சத்துகளைக் கழுவிக்கொண்டு போகிறது. அதனால் நம் செம்மண் அமிலத்தன்மை மிகுந்தது. பிஎச் அளவு பல இடங்களில் 4 முதல் 5 வரைதான். பெரும்பாலான காய்கறிகளுக்கு 6-க்கு மேல் வேண்டும். விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்பு வேளாண் சுண்ணாம்பைக் கலந்தால் அமிலம் தணியும். தொட்டித் தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையாவது கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை எட்ட ஒரு வாரமே போதும்.

வறட்சி பூக்க வைக்கும் என்பதை நீங்களே சோதிக்கலாம். ஒரே வயதுள்ள இரண்டு எலுமிச்சைத் தொட்டிகளை, வெயில் படும் ஆனால் மழை படாத இடத்தில் வையுங்கள். ஒன்றுக்குத் தினமும் நீர் ஊற்றுங்கள். மற்றொன்றுக்கு, இலை லேசாக வாடும்வரை நீரை நிறுத்தி, பிறகு வழக்கம்போல் ஊற்றுங்கள். அடுத்த இரண்டு மாதங்களுக்கு வாரந்தோறும் பூக்களை எண்ணிக் குறியுங்கள். நீரின் அளவு தற்சார்பு மாறி. பூக்களின் எண்ணிக்கை சார்பு மாறி. கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எவை என்பதை நீங்களே எழுதுங்கள்.

அட்டவணை நிரம்பியதும் வீட்டாரிடம் காட்டுங்கள். மலட்டு மரம் என்ற பெயர் மாமரத்துக்குப் பொருந்துமா என்று அவர்களே தீர்ப்புச் சொல்லட்டும்.