சில நேரம் கிளம்புகிறது. சில நேரம் முனகுகிறது!

தீபாவளி நெருங்கும்போது மதுரையிலிருந்து விருதுநகர் வழியாகச் சிவகாசிக்குப் போகும் சாலையைப் பார்த்திருக்கிறீர்களா? சாரை சாரையாகக் கார்கள் போகும். பெரும்பாலும் பட்டாசு வாங்கப் போகிற குடும்பங்கள்தான்.

வீட்டில் சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பிவிடுகிறது. விருதுநகரில் நிறுத்தி, எல்லோரும் இறங்கி, எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடுகிறார்கள். அரை மணி நேரம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால், "கர்... கர்... கர்..." என்று கார் முனகுகிறது. பிள்ளைகளின் முகம் சுண்டிப்போகிறது. நாலாவது தடவை எப்படியோ கிளம்புகிறது. அதன் பிறகு ஆமத்தூர், திருத்தங்கல், சிவகாசி என்று எங்கே நிறுத்தினாலும் ஒரு தொந்தரவும் இல்லை!

வீடு திரும்பியதும் ஆளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள். "பேட்டரி போய்விட்டது, மாற்றுங்கள் மாமா" என்கிறார் மருமகன். "செல்ப் மோட்டார்தான்" என்கிறார் எதிர்வீட்டுக்காரர். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால், அங்கே முதல் திருப்பிலேயே கிளம்பி மானத்தை வாங்குகிறது.

அடியோடு கிளம்பாத காரைச் சரி செய்வது சுலபம். குறை கண்ணெதிரே இருக்கும். இப்படி நினைத்தால் கிளம்பி, நினைத்தால் முரண்டு பிடிக்கிற காரில்தான் பணம் கரைகிறது. புது பேட்டரி போடுகிறார்கள். பத்து நாள் நன்றாக ஓடுகிறது. பதினோராம் நாள் மறுபடியும் அதே முனகல்!

காது கொடுத்துக் கேளுங்கள்

கெட்டிக்கார மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன்பு ஒரு கேள்வி கேட்பார்: "எப்போ எடுக்க மாட்டேங்குது, அண்ணாச்சி?"

இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் சத்தத்தைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் மெதுவாக, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? அப்படியானால் மின்சாரம் போதுமான அளவு செல்ப் மோட்டாருக்குப் போகவில்லை. அல்லது மோட்டாரே தளர்ந்துவிட்டது. எஞ்சின் வேகமாகச் சுற்றியும் வெகுநேரம் பிடிக்காமல் இருக்கிறதா? அப்படியானால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டாம். குறை பெரும்பாலும் பெட்ரோல் வருவதில் இருக்கும். அல்லது பொறி விழுவதில் இருக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வீண் செலவு.

விளக்கு எரிகிறதே!

"ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, மின்சாரத்துக்கு என்ன குறை?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விளக்குக்கும் செல்ப் மோட்டாருக்கும் உள்ள வித்தியாசம் ஏணி வைத்தாலும் எட்டாது. ஒரு ஹெட்லைட் பல்புக்குச் சுமார் 5 ஆம்பியர் மின்சாரம் போதும். சிறிய பெட்ரோல் காரைக் கிளப்ப 100 முதல் 200 ஆம்பியர் வரை வேண்டும்.

விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குப் போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சாதாரண நாளில் தாராளமாக இருக்கிற சந்து, பொங்கல் அன்று நகர முடியாமல் அடைத்துக்கொள்கிறது அல்லவா? சந்து அதேதான். கூட்டம்தான் வேறு.

காரில் அந்தச் சந்து எது? பேட்டரியின் ஈயக் குமிழும் அதைப் பிடித்திருக்கும் கவ்வியும் சேருகிற இடம். அங்கே வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்பு பூத்திருக்கும். அல்லது திருகு தளர்ந்திருக்கும். விளக்குக்கு 5 ஆம்பியர் போகும்போது அந்த இடத்தில் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். யாருக்கும் தெரியாது. அதே இடத்தில் 150 ஆம்பியர் போனால் 3 வோல்ட் குறைந்துவிடும்! பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் இது நாலில் ஒரு பங்கு. மோட்டார் முனகாமல் என்ன செய்யும்?

சூட்டிலும் குலுக்கலிலும் அந்தக் கவ்வி சற்றே நகர்கிறது. ஒரு சமயம் நன்றாகத் தொடுகிறது, ஒரு சமயம் தொடுவதில்லை. நினைத்தால் கிளம்பும் காரின் ரகசியம் பல சமயம் இவ்வளவுதான். புது பேட்டரி போட்டபோது பத்து நாள் நன்றாக ஓடியதும் பேட்டரியின் புண்ணியத்தால் அல்ல. கழற்றி மாட்டியதில் கவ்வி கொஞ்சம் சுத்தமானது!

எஞ்சினையும் கார் உடம்பையும் இணைக்கும் எர்த் கேபிளிலும் இதே கதை நடக்கும். அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

மீட்டர் சொல்லும் உண்மை

எலக்ட்ரிக் கடைகளில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுவதும் நின்ற காரில், நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 காட்டினால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் பார்க்க வேண்டும். எஞ்சின் சுற்றும்போது சுமார் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி மீது சந்தேகம். விழாமல் நின்றும் மோட்டார் முனகுகிறதா? மின்சாரம் வழியில் எங்கோ திருடு போகிறது.

திருடனைப் பிடிப்பதும் எளிது. மீட்டரின் ஒரு முள்ளை ஈயக் குமிழிலும், மறு முள்ளை அதன் கவ்வியிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். மீட்டர் ஏறக்குறைய பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் திருடன் அங்கேயே இருக்கிறான். இந்தச் சோதனை செய்யாமல் பேட்டரியை மாற்றச் சொல்கிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டும்.

சுத்தம் செய்ய ஆப்பசோடா கலந்த வெந்நீரும் பழைய பிரஷும் போதும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ். மாட்டும்போது கடைசியாக நெகட்டிவ். பிறகு துளி வாஸ்லின். தண்ணீர் ஊற்றுகிற பேட்டரியாக இருந்தால் வாலை வடிநீர் மட்டும். கிணற்று நீர் கூடவே கூடாது.

சூடு செய்யும் வேலை

பரோட்டாக் கடையில் நின்ற பிறகு மட்டும் முனகினால், சூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தியதும் அதன் சூடு பக்கத்தில் உள்ள செல்ப் மோட்டாருக்கு ஏறுகிறது. செம்புக் கம்பி 50 டிகிரி கூடுதலாகச் சூடானால், மின்சாரத்தைத் தடுக்கும் அதன் குணம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டாருக்கு இது தாங்காது.

இந்த மோட்டார் பிறந்த கதை சுவையானது. முன்பெல்லாம் காரின் முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை முறியும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் கடைக் கல்லாப்பெட்டியைத் திறக்க ஒரு சிறு மின்மோட்டார் செய்திருந்தார். கொஞ்ச நேரம் மட்டும் உழைக்கிற மோட்டாரிடம் அதன் அளவுக்கு மீறிய வேலை வாங்கலாம் என்ற அதே யோசனையைக் காருக்கும் கொண்டுவந்தார். 1912-ஆம் ஆண்டு காடிலாக் காரில் அது வந்தது. "கொஞ்ச நேரம் மட்டும்" என்பதை இன்றும் மறக்கக் கூடாது. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சாவியைப் பிடிக்காமல், அரை நிமிடமாவது ஓய்வு கொடுக்க வேண்டும்.

வேகமாகச் சுற்றியும் பிடிக்காத காருக்கும் சூடு எதிரிதான். 2014 வரை உற்பத்தியான அம்பாசடரை ஓட்டியவர்கள் கோடையில் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றுவார்கள். உள்ளே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும் என்பதால் அந்த உபாயம். இன்றைய கார்களில் வேறு சோதனை உண்டு. சாவியை 'ஆன்' வரை திருப்பி, இரண்டு விநாடி நிறுத்தி, அணைத்து, இப்படி மூன்று தடவை செய்த பிறகு ஸ்டார்ட் செய்ய வேண்டும். உடனே பிடித்தால், நிறுத்திய நேரத்தில் பெட்ரோல் குழாயின் அழுத்தம் கசிந்து போயிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

இதையெல்லாம் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது கஷ்டம். சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டர் எதற்கு இருக்கிறது? அதுவும் சிவகாசியில் அச்சானதாகத்தான் இருக்கும்! எத்தனை மணி, எவ்வளவு நேரம் நின்றது, சூடா குளிரா, எந்தச் சத்தம் என்று அந்தத் தாளிலேயே பிள்ளைகளை எழுதச் சொல்லலாம். பத்துத் தாள் சேர்ந்தால் மெக்கானிக்குக் கொண்டாட்டம்.

பொறி பறக்கக் கூடாத ஊர்

கிளம்பாத காரில் பழைய டிரைவர்கள் ஒயரை டெர்மினலில் உரசிப் பொறி வருகிறதா என்று பார்ப்பார்கள். அது எங்குமே ஆபத்து. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வருகிறது. காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே அது தீப்பிடிக்கும். சிவகாசி வட்டாரத்தில் கேட்கவே வேண்டாம். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மருந்து கலக்கும் ஊரில் சிறு பொறி என்று ஒன்று கிடையாது.

எனவே பட்டாசுக் கடை, கிடங்கு பக்கத்தில் கார் முரண்டு பிடித்தால், அங்கேயே பானெட்டைத் திறந்து ஒயரைத் தொடக் கூடாது. எல்லோரும் இறங்கி, நியூட்ரலில் போட்டு, கையால் தூரம் தள்ளிக்கொண்டு போக வேண்டும். டிக்கியில் பட்டாசு இருந்தால் இறக்கி எட்ட வைக்க வேண்டும். பிறகுதான் இன்னொரு காரிலிருந்து கேபிள் கொடுக்கலாம். சிவப்புக்குச் சிவப்பு, கடைசிக் கறுப்புக் கவ்வியை மட்டும் பேட்டரியில் மாட்டாமல், அதிலிருந்து தள்ளி எஞ்சினின் வெறும் இரும்பில் மாட்ட வேண்டும். அதுவரை பட்டாசுப் பெட்டிகளுக்குக் காவலாகத் தாத்தா உட்காரட்டும். பேரப்பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டாம்!