குளிர்காப்புப் பொதி

குளிர்காப்புப் பொதி என்பது பனிக்கூழ், குல்பி, உறைந்த தயிர் முதலான உறைநிலை இனிப்புகளைக் கடையிலிருந்து நுகர்வோரின் வீடு வரை உருகாமல் கொண்டு சேர்க்கப் பயன்படும் வெப்பக்காப்புப் பெட்டி, பை அல்லது உறை ஆகும். இது பெரும்பாலும் ஒருமுறை பயன்படுத்தியபின் எறியப்படுகிறது. குளிர்பதனப் பெட்டியைப் போல் இது குளிரை உண்டாக்குவதில்லை. வெளியிலுள்ள வெப்பம் உள்ளே நுழைவதைத் தாமதப்படுத்துவதே இதன் பணி. எனவே ஒரு பொதியின் தரம், அது எவ்வளவு குளிர்ச்சியாக உள்ளது என்பதைக் கொண்டு அல்லாமல், எத்தனை மணி நேரத்தை ஈட்டித் தருகிறது என்பதைக் கொண்டே அளவிடப்படுகிறது.

இந்திய உணவு விதிகளில் "உறைநிலை இனிப்பு" என்பது பால் கொழுப்புக்கு மாற்றாகவோ அதனுடன் சேர்த்தோ தாவரக் கொழுப்பு பயன்படுத்தப்பட்ட பண்டத்தைக் குறிக்கும் தனிப்பெயர் ஆகும். பொதியைப் பொறுத்தவரை இந்த வேறுபாட்டிற்குப் பொருளில்லை. இக்கட்டுரையில் இச்சொல் பொதுப்பொருளிலேயே ஆளப்படுகிறது.

பனிக்கூழைக் காப்பதில் உள்ள சிக்கல்

தூய நீர் 0 பாகை செல்சியசில் உறைகிறது. பனிக்கூழில் சர்க்கரையும் பாலிலுள்ள உப்புகளும் கரைந்திருப்பதால் அது ஏறத்தாழ −3 பாகையில்தான் உறையத் தொடங்குகிறது. பனிக்கூழைச் சேமித்து வைப்பதற்கு வழக்கமாகக் கொள்ளப்படும் வெப்பநிலை −18 பாகை ஆகும். அந்த வெப்பநிலையிலும் அதிலுள்ள நீர் முழுவதும் பனியாக இருப்பதில்லை. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கே உறைந்திருக்கும். எஞ்சிய பங்கு அடர்ந்த சர்க்கரைக் கரைசலாகப் பனிப்படிகங்களுக்கு இடையே நிற்கிறது. பனிக்கூழைக் கரண்டியால் அள்ள முடிவது இதனால்தான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு கிடைக்கிறது. சாதாரண பனிக்கட்டியைக் கொண்டு பனிக்கூழைக் காக்க இயலாது. பனிக்கட்டி 0 பாகையில் உருகுகிறது. பனிக்கூழோ அதற்கு முன்பே உருகிவிடுகிறது. இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்து வைத்தால், பனிக்கட்டி கெட்டியாக இருக்கும்போதே அருகிலுள்ள பனிக்கூழ் பாலாகிவிடும். மீனுக்கும் பாலுக்கும் போதுமான முறை இங்கே பயன்படாததற்குக் காரணம் இதுவே. பனிக்கட்டியோடு உப்பைக் கலந்தால் நிலைமை மாறும். எடையில் சுமார் 23 விழுக்காடு உப்புக் கலந்த கரைசல் −21 பாகையில் உருகுகிறது. குல்பி விற்போர் பானையில் பனிக்கட்டியுடன் உப்பு இடுவதும், தற்காலத்தில் விற்கப்படும் உறைநிலைக் கூழ்ப்பைகளில் உப்புக் கரைசல் அடைக்கப்படுவதும் இந்தப் பண்பைப் பயன்படுத்தியே ஆகும்.

பனிக்கூழ் முழுவதும் உருகினால்தான் கெடும் என்பதில்லை. வெப்பநிலை சில பாகைகள் ஏறி மீண்டும் இறங்கினாலே போதும். வெப்பநிலை ஏறும்போது சிறிய பனிப்படிகங்கள் கரைந்து மறைகின்றன. மீண்டும் குளிரும்போது அந்த நீர் புதிய சிறு படிகங்களாக மாறாமல், ஏற்கெனவே உள்ள பெரிய படிகங்களின் மேல் படிந்து அவற்றை மேலும் பெரிதாக்குகிறது. நல்ல பனிக்கூழில் படிகங்கள் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்கு அளவே இருக்கும்; நாக்கு அவற்றைத் தனித்தனியாக உணர்வதில்லை. அவை வளர்ந்துவிட்டால் மணலை மென்றதுபோன்ற நறநறப்பு ஏற்படுகிறது. உருகும்போது உள்ளே அடைபட்டிருந்த காற்றுக் குமிழ்களும் வெளியேறிவிடுகின்றன. பல வகைப் பனிக்கூழ்களில் கொள்ளளவின் பாதி வரை காற்றே என்பதால், மீண்டும் உறைந்த பின் கிண்ணம் பாதி காலியாகத் தோற்றமளிக்கும். வீட்டின் உறைபெட்டியில் வைத்து இதைச் சரிசெய்ய முடியாது. வழியில் நேர்ந்த அரைமணி நேரத் தவறு நிலையாகத் தங்கிவிடுகிறது.

வெப்பக்காப்பின் அடிப்படை

பெரும்பாலான காப்புப் பொருட்களில் உண்மையில் காப்பது அசையாத காற்றே ஆகும். காற்று வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துகிறது. ஆனால் அதை அசையவிட்டால் சுழன்று வெப்பத்தைச் சுமந்து செல்லும். காற்றைச் சிறு சிறு அறைகளில் சிறைப்படுத்தும் எந்தப் பொருளும் நல்ல காப்பாக அமையும். தெர்மாகோல் என்னும் வணிகப் பெயரால் இந்தியாவில் அறியப்படும் விரிவாக்கிய பாலிஸ்டைரீனின் கொள்ளளவில் சுமார் 98 விழுக்காடு காற்றாகும். அதன் வெப்பக் கடத்துதிறன் ஒரு மீட்டருக்கு ஒரு பாகைக்கு 0.033 முதல் 0.040 வாட் வரை உள்ளது. காற்றின் அளவு சுமார் 0.026 வாட் ஆகும். பாலியூரித்தேன் நுரை இதைவிடச் சற்றுச் சிறந்தது. நெளிவட்டை இதைவிடக் குறைந்தது.

தமிழ்நாட்டிலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் பெரிய பனிக்கூழ் டப்பா வாங்குவோருக்குக் கடைக்காரர் அதைச் செய்தித்தாளில் பல சுற்றுச் சுற்றிக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். தாள்களுக்கு இடையே அகப்படும் காற்றே இங்கும் காப்பாகிறது. தாள் கசங்கியிருந்தால் பயன் கூடுகிறது, நனைந்தால் அற்றுப்போகிறது. கம்பளியால் சுற்றினால் பொருள் சூடாகிவிடும் என்று எண்ணுவோர் உண்டு. கம்பளி வெப்பத்தைத் தருவதில்லை. அது இரு திசையிலும் வெப்பத்தைத் தடுக்கிறது. ஆகவே பனிக்கட்டியைச் சுற்றினால் அது மெதுவாகவே உருகும்.

வெள்ளிநிறப் பூச்சுள்ள பைகள் கதிர்வீச்சாக வரும் வெப்பத்தைத் திருப்பி அனுப்புகின்றன. அந்தப் பூச்சு மட்டும் தனித்து அதிகம் உதவாது. அதற்கு முன்னால் சிறிதளவேனும் காற்று இடைவெளி இருந்தால்தான் அது தொழிற்படும். கடைகளில் கொடுக்கப்படும் மெல்லிய வெள்ளிப் பைகள் கிண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும்போது, பார்வைக்கு உள்ள மதிப்பு பயனில் இருப்பதில்லை.

வரலாறு

பனியைப் பொதிந்து தொலைவுக்கு அனுப்பும் கலை பனிக்கூழ் வணிகத்திற்கு முற்பட்டது. 1833 மே மாதத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து பிரெடரிக் டியூடரின் பனிக்கட்டியைச் சுமந்து புறப்பட்ட டஸ்கனி என்னும் கப்பல் செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தது. ஏற்றப்பட்ட 180 டன்னில் ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது. நிலநடுக்கோட்டை இருமுறை கடந்த நான்கு மாதப் பயணத்தில் எந்தக் குளிர்பதனக் கருவியும் இல்லை. டியூடரின் வணிகத்தில் மரத்தூள் முதன்மையான காப்புப் பொருளாக இருந்தது. அது மர அறுவை ஆலைகளின் கழிவு என்பதால் விலை மிகக் குறைவு. சென்னைக் கடற்கரையில் 1842 இல் இவ்வணிகத்திற்காகக் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக உள்ளது.

பனிக்கூழுக்கு ஏற்ற குளிரூட்டி அதன் பின்னரே கிடைத்தது. திண்மக் கார்பன் டை ஆக்சைடைப் பிரெஞ்சு நாட்டின் அட்ரியன் திலோரியே 1835 இல் கண்டு விவரித்தார். அது ஏறக்குறைய 90 ஆண்டுகள் ஆய்வகப் புதுமையாகவே இருந்தது. 1925 இல் அமெரிக்காவில் "உலர்பனி" என்ற பொருளுடைய வணிகப் பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் நியூயார்க்கின் ஷ்ராப்ட்ஸ் உணவகம் பனிக்கூழ் உருகாமலிருக்க அதைப் பயன்படுத்தியது.

பொதியின் மறுபாதி 1949 இல் செருமனியில் உருவானது. பாஸ்ஃப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி பாலிஸ்டைரீன் மணிகளை நீராவியால் உப்பச் செய்து அச்சில் வார்க்கும் முறையைக் கண்டறிந்தார். வேண்டிய வடிவில், மிகக் குறைந்த எடையில் பெட்டிகளை வார்க்க இதனால் இயன்றது. இன்று ஒஹாயோவின் ஜெனீஸ் போன்ற நிறுவனங்கள் பனிக்கூழை அமெரிக்கா முழுவதும் அஞ்சற்பொதியாக அனுப்புவது காப்புப்பெட்டி, உலர்பனி ஆகிய இரண்டின் சேர்க்கையாலேயே ஆகும். சப்பானில் பல பனிக்கூழ்க் கடைகளில் விற்பனையாளர் "வீடு செல்ல எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டு, அதற்கேற்ப உலர்பனித் துண்டுகளை வைத்துத் தருவது வழக்கம்.

உலர்பனியும் ஒரு கணக்கும்

உலர்பனி −78.5 பாகையில் உருகி நீர்மமாகாமல் நேரடியாக வாயுவாகிறது. ஒரு கிலோகிராம் உலர்பனி வாயுவாக மாற 571 கிலோ ஜூல் வெப்பத்தை உட்கொள்கிறது. அதே எடையுள்ள பனிக்கட்டி உருகுவதற்கு 334 கிலோ ஜூல் போதும். ஈரம் எஞ்சாததால் அட்டைப்பெட்டி நனைவதில்லை என்பது இதன் கூடுதல் நன்மை.

எடுத்துக்காட்டாக, உட்புறம் 25 × 20 × 20 செ.மீ. அளவும் 3 செ.மீ. சுவரும் உள்ள தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கொள்வோம். அதன் சராசரிப் பரப்பு சுமார் 0.35 சதுர மீட்டர். வெளியே 33 பாகை, உள்ளே −18 பாகை எனில் வேறுபாடு 51 பாகை. கடத்துதிறனை 0.035 எனக் கொண்டால் உள்ளே நுழையும் வெப்பம் ஏறத்தாழ 21 வாட், அதாவது மணிக்குச் சுமார் 75 கிலோ ஜூல் ஆகும். இதை ஈடுசெய்ய மணிக்கு ஏறத்தாழ 130 கிராம் உலர்பனி தேவை. ஒரு கிலோகிராம் உலர்பனி ஏழு மணி நேரத்திற்குச் சற்று மேல் தாங்கும். ஒரு நாள் முழுவதும் காக்க 3 கிலோகிராமுக்கு மேல் வேண்டும். அனுப்பப்படும் பனிக்கூழை விட உலர்பனியின் எடை மிகுவது இதனாலேயே.

சுவரின் தடிப்பை இரட்டித்தால் உலர்பனித் தேவை ஏறக்குறைய பாதியாகும். ஆனால் பெட்டி பருத்து, அனுப்பும் கட்டணம் கூடும். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் இக்கணக்கு முழுவதும் பொய்த்துவிடும். குளிர்ந்த வாயு கனமானது என்பதால் உலர்பனியைப் பண்டத்தின் மேற்புறத்தில் வைப்பதே முறை. இடையில் ஓர் அட்டை இடப்படாவிட்டால் தொடும் பகுதி கல்லைப்போல் இறுகிவிடும்.

உலர்பனி கிடைப்பதும் எப்போதும் உறுதியானதன்று. இதற்கான கார்பன் டை ஆக்சைடின் பெரும்பங்கு அம்மோனியா உர ஆலைகளின் துணைவிளைபொருளாகும். 2021 செப்டம்பரில் இயற்கை எரிவாயு விலையேற்றத்தால் இங்கிலாந்தின் உர ஆலைகள் நிறுத்தப்பட்டபோது உலர்பனி கிடைக்காமல், ஒகாடோ என்னும் இணையவழி மளிகை நிறுவனம் தான் வழங்கிய உறைநிலைப் பண்டங்களைக் குறைத்துக்கொண்டது.

பாதுகாப்பு

ஒரு கிலோகிராம் உலர்பனி முழுதும் வாயுவானால் சுமார் 540 லிட்டர் இடத்தை நிரப்பும். ஆகவே உலர்பனி உள்ள பொதியை ஒருபோதும் காற்றுப்புகாதவாறு மூடக்கூடாது; மூடினால் பெட்டி வெடிக்கலாம். வெப்பத்தைத் தடுக்க வேண்டிய அதே பெட்டி வாயுவை வெளியே விடவும் வேண்டும் என்பதே இதன் வடிவமைப்பிலுள்ள முரண்பாடு.

வெளியேறும் வாயுவும் ஆபத்தானதே. காற்றில் கார்பன் டை ஆக்சைடு 10 விழுக்காட்டை எட்டினால் மனிதர் விரைவில் நினைவிழப்பர். ஒரு மகிழுந்தின் உட்புறம் சுமார் 3,000 லிட்டர் கொள்ளும் எனில், மூடிய வண்டிக்குள் ஒரு கிலோகிராம் உலர்பனி முழுதும் ஆவியானாலே அந்த எல்லை கடக்கப்படும். 2018 சூலையில் அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில், பனிக்கூழ் வினியோகத்திற்கான உலர்பனிப் பெட்டிகள் இருந்த மகிழுந்தில் ஒரு மூதாட்டி இறந்தார்; உடனிருந்த மற்றொரு பெண் கவலைக்கிடமான நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வண்டியில் இத்தகைய பொதியை எடுத்துச் செல்வோர் சாளரத்தைத் திறந்து வைப்பது இன்றியமையாதது.

வானூர்திப் போக்குவரத்தில் உலர்பனி ஐ.நா. எண் 1845 கொண்ட ஆபத்தான பொருளாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. சரக்குப் பொதியின் மேல் அதன் நிகர எடை எழுதப்பட வேண்டும். பயணிகள், வானூர்தி நிறுவனத்தின் ஒப்புதலுடன், ஆளுக்கு 2.5 கிலோகிராம் வரை எடுத்துச் செல்லலாம். வெறுங்கையால் தொட்டால் தோல் உறைந்து கொப்புளிக்கும். உட்கொள்வது மிகவும் ஆபத்தானது. 2024 மார்ச்சில் அரியானாவின் குருகிராமில் ஓர் உணவகத்தில் வாய்ப்புத்துணர்வுப் பொருள் எனத் தரப்பட்ட உலர்பனியை உண்ட ஐவர் இரத்த வாந்தியெடுத்தனர். பொதியில் எஞ்சிய வெண்துண்டுகளைக் குழந்தைகள் பனிக்கட்டி என எண்ணக்கூடும். அவற்றைக் காற்றோட்டமான இடத்தில் தானாக ஆவியாக விடுவதே சரியான முறை. கழிவுநீர்த் தொட்டியில் கொட்டினால் குழாய் வெடிக்கலாம்.

கழிவும் மாற்றுப் பொருட்களும்

சில மணி நேரத்திற்காகச் செய்யப்படும் தெர்மாகோல் பெட்டி மக்குவதில்லை. அது சிறு மணிகளாக உதிர்ந்து காற்றிலும் நீரிலும் பரவுகிறது. மறுசுழற்சி செய்ய இயலும் பொருள்தான் என்றாலும், ஒரு கனமீட்டரின் எடை 15 முதல் 30 கிலோகிராமே என்பதால், ஒரு சரக்குந்து நிறையத் திரட்டினாலும் கிடைக்கும் பொருள் மிகக் குறைவு. நல்ல காப்பாக இருப்பதற்குக் காரணமான அதே காற்றுதான் இதன் மறுசுழற்சிக்கும் தடையாகிறது.

தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒருமுறை பயன்படும் நெகிழித் தடையில் தெர்மாகோல் தட்டுகளும் கோப்பைகளும் சேர்க்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2021 சூலை 3 முதல் விரிவாக்கிய பாலிஸ்டைரீனால் ஆன உணவுக் கொள்கலன்களைத் தடை செய்தது. இவை உடனே உண்ணும் உணவுக்கான கலன்களையே முதன்மையாகக் குறிவைத்தவை. தொலைவுக்கு அனுப்பும் காப்புப்பெட்டிகள் வேறு வகையைச் சேர்ந்தவை.

மாற்றாக ஆட்டு உரோமம், மாவுப்பொருள் நுரை, தாள்கூழ் இழை, பூஞ்சண இழையால் பிணைத்த வேளாண் கழிவு ஆகியவை பயன்பாட்டிற்கு வந்துள்ளன. உரோமம் ஓரளவு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் காக்கும் இயல்புடையது. மாவு நுரை நீரில் கரைந்துவிடும். ஆகவே அதற்கு ஈரம் புகாத உறை தேவைப்படுகிறது, அந்த உறை பெரும்பாலும் நெகிழியாகவே அமைகிறது. தாளிழைப் பலகைகளால் தெர்மாகோலுக்கு இணையான காப்பைப் பெறச் சுவரைத் தடிப்பாக்க வேண்டும்.

தொலைவு குறைந்தால் பொதியின் தேவையே குறைகிறது. இந்திய நகரங்களில் அருகிலுள்ள கிடங்கிலிருந்து சில நிமிடங்களில் பொருளைக் கொண்டுசேர்க்கும் முறை பரவியபின், வினியோகம் செய்பவர் தோளில் சுமக்கும் பலமுறை பயன்படும் காப்புப்பையே பல நேரங்களில் போதுமானதாக உள்ளது. போக்குவரத்து நெரிசலில் அவர் நிற்கும் நேரம் நீளும்போதும், மே மாத நண்பகலிலும் அந்தப் பையும் போதாது.