காவடிக்கு முன்னே குளோரின்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் பூக்காவடிகள் எல்லார் கண்ணிலும் படும். அவற்றுக்குச் சில நாள் முன்னதாகவே ஊருக்குள் வந்து இறங்கும் பிளீச்சிங் பவுடர் மூட்டைகளை யாரும் கவனிப்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சுமார் 45 ஆயிரம் பேர் வாழும் ஊர் இது. திருவிழா நாட்களில் லட்சக்கணக்கானோர் வந்து குவிகிறார்கள். சென்னை, வேலூர், ராணிப்பேட்டையிலிருந்து ஒரு கூட்டம். ஆந்திர எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூர், சித்தூரிலிருந்து இன்னொரு கூட்டம். சரவணப் பொய்கையில் முழுக்கு, மொட்டை, அன்னதானம், தெருவோரக் கடையில் ஒரு தம்ளர் மோர் என்று நாள் கழிகிறது. கூட்டத்தில் நாலைந்து பேருக்கு வயிற்றுப்போக்கு இருந்து, குடிநீரும் கெட்டிருந்தால், அடுத்த வாரம் நோய் இரண்டு மாநிலங்களின் கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அப்படி நேராமல் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு?

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். அங்கே கவுண்டி என்பது ஏறக்குறைய நம்முடைய மாவட்டம். பல மாநிலங்களில் கவுண்டிக்கென்று ஒரு சுகாதார வாரியம் உண்டு. டைபாய்டு ஆட்டிப் படைத்த பிறகு, 1911-இல் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா கவுண்டி முழுநேரச் சுகாதாரத் துறையையே தொடங்கியது. எந்தக் கிணற்றை மூடுவது, எந்த உணவகத்துக்கு உரிமம் தருவது என்பதையெல்லாம் உள்ளூரிலேயே கூட்டம் போட்டு முடிவு செய்கிறார்கள். ஊர்க்காரர்கள் போய் உட்கார்ந்து கேட்கலாம், சண்டையும் போடலாம்.

நமக்கும் கிட்டத்தட்ட அப்படி ஒன்று இருந்தது. ஜில்லா போர்டு என்றால் பழைய தலைமுறைக்குத் தெரியும். ரோடு, பள்ளிக்கூடம், மருந்தகம், அம்மை குத்துவது எல்லாம் அதன் கையில். 1911-இல் சித்தூர் ஜில்லா உருவானபோது திருத்தணி அதில் சேர்ந்தது. 1920-களில் சென்னை மாகாண அரசு ஜில்லாக்களுக்கெல்லாம் சுகாதார அதிகாரிகளை நியமித்தது. மருத்துவமனை நிர்வாகத்திலிருந்து பிரிந்து, பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகம் வந்ததும் அந்தக் காலத்தில்தான். வந்த நோய்க்கு வைத்தியம் பார்ப்பது ஒரு வேலை, நோய் வராமல் பார்த்துக்கொள்வது வேறு வேலை என்று அரசாங்கமே ஏற்றுக்கொண்ட தருணம் அது. இந்தியாவின் பெரும்பாலான மாநிலங்கள் பிற்பாடு இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டன. தமிழ்நாடு கலக்கவில்லை.

அடுத்த பெரிய அடி 1939. ராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. குடிநீர், சாக்கடை, கொசு, தொற்றுநோய், தங்கும் விடுதி எல்லாவற்றையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவந்த இப்படியொரு சட்டம் இந்தியாவில் அதுவே முதலாவது. சுகாதார அமைச்சராக இருந்தவர் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன். அறநிலையங்களும் அவருடைய பொறுப்பில்தான் இருந்தன. கோயிலையும் காலராவையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டிய நாற்காலி அது. அதனாலோ என்னவோ, சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் என்று அந்தச் சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது. பெருங்கூட்டம் கூடும் விழா என்று அறிவித்துவிட்டால், அந்த இடத்தைச் சீர்படுத்துவது, நல்ல தண்ணீர் கொடுப்பது, குப்பையும் மலமும் அகற்றுவது, மருத்துவ உதவி, தொற்றுநோய் கண்டவர்களைத் தனியே வைப்பது எல்லாம் உள்ளாட்சியின் கடமையாகிவிடும். கெட்ட நீர்நிலையை மூடவும் கெட்டுப்போன பண்டத்தை அள்ளிக் கொட்டவும் சுகாதார அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் அங்கே போனது, இந்தச் சட்டமும் கூடவே போனது. திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பலன் அது. எல்லைக்கோடு ஊர்களைத்தான் பிரித்தது, சட்டத்தை அல்ல. நகரியில் இன்றும் செல்லுபடியாவது அதே 1939-ஆம் ஆண்டுச் சட்டம்தான். பெயரில்தான் ஆந்திரம் என்று சேர்ந்திருக்கிறது.

சட்டம் தாளில் இருக்கட்டும். திருவிழா சமயத்தில் சுகாதார ஆய்வாளர் கையில் இருப்பது ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். தெருக்குழாய்த் தண்ணீரை அதில் பிடித்து, ஆர்த்தோடொலிடின் என்ற திரவத்தைச் சில சொட்டு விடுகிறார். தண்ணீர் மஞ்சளானால் குளோரின் மிச்சமிருக்கிறது. நிறத்தைப் பக்கத்து அளவுகோலோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்பதும் தெரியும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். நோய் பரவும் காலமென்றால் 0.5. தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் பார்த்துவிட்டுத் திரும்புவது சுலபம். அனுபவப்பட்டவர்கள் கடைக்கோடிக் குழாய்க்குப் போவார்கள். தண்ணீர் வந்து சேர்வதற்குள் குளோரின் செலவழிந்துவிடும் இடம் அதுதான். தண்ணீர் நிறமே மாறவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பிளீச்சிங் பவுடர் வாய் திறந்த மூட்டையில் கிடந்து வீரியம் இழந்திருக்கும். இல்லையென்றால் வழியில் எங்கோ குழாய் உடைந்து சாக்கடை கலந்திருக்கும். விட்டு விட்டுத் தண்ணீர் விடும் ஊர்களில் இந்த இரண்டாவது ஆபத்து அதிகம். குழாய் காலியாகி அழுத்தம் குறைந்ததும், விரிசல் வழியாக வெளியிலுள்ள கழிவுநீர் உள்ளே இழுபடும்.

இது வெறும் பயமுறுத்தல் என்று நினைப்பவர்கள் காரைக்காலைப் பார்க்கலாம். 2022 ஜூலைத் தொடக்கத்தில், மாங்கனித் திருவிழா நெருங்கிய ஆனி மாதத்தில், நூற்றுக்கணக்கானோர் வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். சிலருக்குக் காலரா உறுதியானது. புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. பள்ளி, கல்லூரிகள் மூன்று நாள் மூடப்பட்டன. குடிநீர்க் குழாய்க் கசிவுகளைத் தேடித் தேடி அடைத்தார்கள். அந்தக் காரைக்காலில் பிறந்த அம்மையார் முத்தி பெற்றதாகச் சொல்லப்படும் திருவாலங்காடு, திருத்தணிக் கோயிலின் நிர்வாகத்தில் உள்ள உபகோயில். காலராவெல்லாம் தாத்தா காலத்துக் கதை என்று இங்கே யாரும் சொல்வதற்கில்லை.

திருத்தணியில் இன்று முடிவெடுப்பது யார் என்று பார்த்தால் பட்டியல் நீளும். குடிநீரும் குப்பையும் நகராட்சி. மலைமேல் அறநிலையத் துறை. முகாம்களும் நோய்க் கண்காணிப்பும் மாவட்டச் சுகாதார அலுவலர். கடைகளில் விற்கும் உணவு 2011 ஆகஸ்ட் வரை நகராட்சி ஆய்வாளர் கையில் இருந்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் தனித் துறைக்குப் போய்விட்டது. அழுகிய பழத்தைப் பார்த்தாலும், அது என் துறையில் வராது என்று சொல்லக்கூடிய நிலை. மொட்டைக் கொட்டகையை எடுத்துக்கொள்ளுங்கள். அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணமில்லை என்று 2021-இல் அறிவித்தார்கள், நல்லது. ஒரு தலைக்குப் போட்ட பிளேடு அடுத்த தலைக்குப் போனால் ஹெபடைடிஸ் பி கூடவே போகலாம். அதைக் கண்காணிப்பது கோயிலா, சுகாதாரத் துறையா?

திருவிழாவுக்கு முன் ஆட்சியர் தலைமையில் எல்லாத் துறையும் ஒரே அறையில் உட்காரும்போது இந்த இழுபறி தீர்ந்துவிடுகிறது. ஆண்டில் அந்தச் சில நாட்களில் ஊரின் சுகாதார நிர்வாகம் நன்றாகவே ஓடுகிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். குறை மற்ற நாட்களில்.

கொரோனாக் காலம் இன்னொரு குறையையும் வெளிச்சம் போட்டுக் காட்டியது. 2020, 2021 ஆடிக் கிருத்திகைகளில் மலைக்கோயிலுக்குள் பக்தர்களுக்கு அனுமதியில்லை. அதே 1939 சட்டத்தைத் திருத்தித்தான் 2020 செப்டம்பரில் முகக்கவசம் போடாதவர்களுக்கு 200 ரூபாய் அபராதம் கொண்டுவந்தார்கள். முடிவுகள் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவற்றைப் பற்றிப் பேச ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒன்று இருந்ததா? இல்லை. தமிழகத்தின் நகராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. நூறாண்டில் வந்த மிகப்பெரிய தொற்றை ஊருக்கு ஊர் தனி அலுவலர்கள்தான் சமாளித்தார்கள்.

இனி வரும் கவலை வெயில். கோடையில் தமிழகத்தில் அதிக வெப்பம் பதிவாகும் ஊர்களின் பட்டியலில் திருத்தணி அடிக்கடி இடம்பிடிக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. சித்திரை வெயிலில் 365 படிகளைக் கடக்கும் முதியவருக்கு நிழற்பந்தலும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் எத்தனை படிக்கு ஒன்று என்று தீர்மானிப்பதுகூட உள்ளூர்ச் சுகாதார முடிவுதான். திருவள்ளூர் அரசு மருத்துவமனை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த பிறகு, மாவட்டத் தலைமை மருத்துவமனை திருத்தணிக்கு வந்திருக்கிறது. மயங்கி விழுந்தவரைக் காப்பாற்ற அது உதவும். மயங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் மலையடிவாரத்தில் இருக்கிறார்கள்.

1939 சட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒரு பிரிவு உண்டு. அரசு மானியம் நீங்கலாக, நகராட்சி தன் வருமானத்தில் 30 விழுக்காட்டுக்குக் குறையாமல் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது அது. வரி கட்டுகிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். சென்ற ஆண்டு சொந்த வருமானம் எவ்வளவு, அதில் பொதுச் சுகாதாரத்துக்குப் போனது எவ்வளவு, உங்கள் தெருவின் கடைசிக் குழாயில் குளோரின் அளவு கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது என்று மூன்று கேள்வி போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வந்த பதிலை எடுத்துக்கொண்டு அடுத்த மன்றக் கூட்டத்துக்கு முன்பே உங்கள் வார்டு கவுன்சிலரைப் போய்ப் பாருங்கள்.