இல்லாமையில் வளர்ந்த காதல்

சந்தையில் இருட்டிவிட்டது. கூட்டத்தில் வழி தவறிய யூன் செ-ரி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் தவித்து நிற்கிறாள். அத்தனை தலைகளுக்கும் மேலே ஒரு கை உயர்கிறது. அந்தக் கையில் எரியும் மெழுகுவத்தி. கொஞ்ச நாள் முன்பு அவள் வாசனை மெழுகுவத்தி கேட்டபோது, அப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியாமல் சாதாரண மெழுகுவத்தியை வாங்கி வந்தவன் கேப்டன் ரி ஜியாங்-ஹ்யோக். இந்த முறை கேட்டதையே தேடிக் கொண்டுவந்திருக்கிறான். ஒரு முத்தம் இல்லை, ஒரு வாக்குறுதி இல்லை. அவன் மனம் அவளுக்கும் நமக்கும் அங்கேயே தெரிந்துவிடுகிறது.

'க்ராஷ் லேண்டிங் ஆன் யூ' கொரியத் தொடரின் பலம் முழுக்க இப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கிறது. தென் கொரியாவின் டிவிஎன் தொலைக்காட்சியில் 2019 டிசம்பர் 14 முதல் 2020 பிப்ரவரி 16 வரை 16 பாகங்களாக ஒளிபரப்பானது. எழுதியவர் பார்க் ஜி-யூன், இயக்கியவர் லீ ஜங்-ஹ்யோ. நெட்ஃப்ளிக்ஸ் வழியாக உலகம் முழுக்கப் போன தொடர் என்பதால் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். சியோலின் பெரும் பணக்கார வீட்டுப் பெண் செ-ரி பாராகிளைடரில் பறக்கும்போது சூறாவளியில் சிக்கி, எல்லையைத் தாண்டி வட கொரியப் பக்கம் விழுகிறாள். அங்கே காவல் பணியில் இருக்கும் ராணுவ அதிகாரி ஜியாங்-ஹ்யோக் அவளைத் தன் கிராமத்து வீட்டில் ஒளித்துவைக்கிறான். நம்ப முடியாத தொடக்கம்தான். ஆனால் அடுத்த எட்டு ஒன்பது பாகங்களில் பார்க் ஜி-யூன் நம்மை நம்பவைத்துவிடுகிறார்.

எப்படி? வீட்டு வேலையால். நினைத்த நேரத்தில் மின்சாரம் போகும் ஊர் அது. இறைச்சியை உப்புக்குள் புதைத்துவைக்கிறார்கள். குளிக்க வேண்டுமென்றால் தண்ணீர் காய்ச்சி, பிளாஸ்டிக் விரிப்பைக் கூடாரம்போல் கட்டி, ஆவி வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் காபிக்கு ஏங்குகிறாள் என்று தெரிந்ததும் அவன் பச்சைக் கொட்டையை வாங்கிவந்து இரும்புச் சட்டியில் வறுத்து, அரைத்து, வடிகட்டிக் கொடுக்கிறான். சியோலில் விரல் அசைத்தால் வந்து நிற்கும் பொருள் இங்கே ஒருவனுடைய அரை நாள் உழைப்பு. அந்த உழைப்பைப் பார்த்துத்தான் செ-ரி அவனை நேசிக்கத் தொடங்குகிறாள். காதலைச் சொல்லில் காட்டுவதைவிடச் செயலில் காட்டுவது கடினம். அதற்கு எழுத்தாளருக்கு அந்த ஊரின் அன்றாடம் அத்துப்படியாக வேண்டும். வடக்கிலிருந்து தப்பி வந்த க்வாக் மூன்-வான் எழுத்துக் குழுவில் இருந்தது வீண்போகவில்லை.

கிராமத்துப் பெண்களைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். கூட்டமாகக் கிம்ச்சி போடுவதும், வதந்தி பேசுவதும், கணவரின் பதவியைப் பொறுத்து மரியாதை அளப்பதுமாக வரும் அவர்கள், முதலில் வெறும் சிரிப்புக்காக வந்தவர்கள் போலத்தான் தெரிகிறார்கள். மெல்ல மெல்ல ஒருவருக்கொருவர் துணை நிற்கும் மனுஷிகளாக ஆகிறார்கள்.

இந்தத் தொடரில் எனக்கு மிகப் பிடித்த பாத்திரம் காதலர் இருவரில் ஒருவர் அல்ல. ஒட்டுக்கேட்பதையே வேலையாகக் கொண்ட ஜியாங் மன்-பொக். அடுத்தவர் வீட்டுப் பேச்சைக் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டு எழுதித் தருவது அவன் பிழைப்பு. ஊர் அவனை வெறுக்கிறது, பிள்ளையைச் சக பிள்ளைகள் கேலி செய்கிறார்கள், மனைவியை மற்ற பெண்கள் ஒதுக்குகிறார்கள். தனக்கு உதவிய ஒரே மனிதனான கேப்டனின் அண்ணனையும் வேவு பார்க்கும்படி மேலதிகாரி சோ சியோல்-காங் அவனைக் கட்டாயப்படுத்துகிறான். அந்த அண்ணன் இறந்தும் போகிறான். நடிகர் கிம் யங்-மின் உரக்க அழாமல், குனிந்த தோளிலேயே இந்தக் குற்றவுணர்வைச் சுமக்கிறார். ஒரு ஆட்சி சாதாரண மனிதனை என்ன செய்யும் என்பதை இந்தத் தொடர் உண்மையாகத் தொட்ட இடம் இதுதான்.

கதை சியோலுக்கு மாறியதும் பிடி தளர்கிறது. அங்கே எல்லாமே கிடைக்கிறது. அதனால் ஒருவருக்காக ஒருவர் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. அந்த வெற்றிடத்தைத் துப்பாக்கியாலும் ஆஸ்பத்திரியாலும் நிரப்புகிறார்கள். வில்லன் சோ சியோல்-காங் தெற்கே வந்துவிடுகிறான். செ-ரி குண்டடி படுகிறாள், பிழைக்கிறாள், மீண்டும் சாவின் விளிம்புக்குப் போகிறாள். சொத்துக்காக அண்ணன்மார் செய்யும் சதி எந்த நெடுந்தொடரிலும் பார்க்கக்கூடியது. இடையே வறுத்த கோழிக் கடை விளம்பரம் வேறு. இருவரும் பல வருடம் முன்பே சுவிட்சர்லாந்தில் சந்தித்திருந்தார்கள், அவன் வாசித்த பியானோதான் சாக நினைத்த அவளைத் தடுத்தது என்று தெரியவரும்போது முதல் தடவை சிலிர்க்கிறது. அதே தற்செயலை மறுபடி மறுபடி காட்டும்போது, இரண்டு பேர் சேர்ந்து கட்டிய காதலை விதியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள் என்ற வருத்தம்தான் வருகிறது. பார்க் ஜி-யூனின் 2024 தொடரான 'குயின் ஆஃப் டியர்ஸ்' வரை இந்தப் பழக்கம் நீள்கிறது: முதல் பாதியில் கூர்மையான குடும்பச் சித்திரம், பின்பாதியில் கடத்தலும் துப்பாக்கிச் சூடும்.

சியோ டானுக்கும் நியாயம் கிடைக்கவில்லை. கேப்டனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண். கர்வமும் தனிமையும் கலந்த செல்லோ கலைஞர். சியோ ஜி-ஹே அவ்வளவு நுணுக்கமாக நடித்திருக்கிறார். மோசடிக்காரன் கு சியுங்-ஜுனிடம் அவள் மனம் இளகத் தொடங்கிய வேளையில் அவனைக் கொன்றுவிடுகிறார்கள். முதன்மை ஜோடிக்குச் சுபமான முடிவு வேண்டுமென்பதற்காக, சாவின் பங்கை இந்த ஜோடி தலையில் கட்டியதாகவே எனக்குத் தோன்றுகிறது.

வட கொரியாவை அழகாக்கிக் காட்டுகிறது என்று 2020 ஜனவரியில் தெற்கின் ஒரு சிறு கட்சி போலீசில் புகாரே கொடுத்தது. புகார் அபத்தம், ஆனால் அதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது. தெருப்பிள்ளைகளின் பசி ஓரிரு காட்சிகளில் வந்து போகிறது, அரசியல் சிறைகள் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன. எல்லாவற்றையும்விட, இந்தக் காதல் பிழைத்ததே கேப்டனின் அப்பா ராணுவத்தின் உச்சப் பதவியில் இருப்பதால்தான். ஒரு சாதாரண சிப்பாய் தெற்குப் பெண்ணை ஒளித்துவைத்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்பதைத் தொடர் தீவிரமாக யோசிக்கவே இல்லை. தெற்கத்திய நாடகங்களைத் திருட்டுத்தனமாகப் பார்த்து ரசிக்கும் சிப்பாய் கிம் ஜு-மொக் நம்மைச் சிரிக்கவைக்கிறான். தொடர் முடிந்த அதே ஆண்டு டிசம்பரில் வடக்கு கொண்டுவந்த சட்டம், அப்படிப் பார்ப்பதற்கு ஆண்டுக்கணக்கில் தண்டனையும் பரப்புவதற்கு மரண தண்டனை வரையும் வைத்திருக்கிறது.

கடைசிப் பாகம் 21.7 சதவீதப் பார்வையாளர்களை எட்டி, அதுவரை அந்தத் தொலைக்காட்சியின் எந்தத் தொடரும் தொடாத உயரத்துக்குப் போனது. அதில் எல்லைக் கோட்டில் நடக்கும் பிரிவு, கேப்டனாக நடித்த ஹியூன் பின்னும் செ-ரியாக நடித்த சன் யே-ஜினும் தந்த மிகச் சிறந்த நடிப்பு. அதன் பிறகு ஒரு வருடம் முழுக்க, அவன் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுப் போன குறுஞ்செய்திகள் அவள் கைபேசிக்கு வந்துகொண்டே இருக்கின்றன. சாப்பிட்டாயா, நடந்தாயா என்ற ரகம். காபி வறுத்தவன் அந்தச் செய்திகளில் திரும்பி வந்துவிடுகிறான்.

ஆனால் தொடர் அங்கே நிற்கத் துணியவில்லை. அவன் பியானோ கலைஞனாகிறான், அவள் இசை மாணவர்களுக்கு அறக்கட்டளை தொடங்குகிறாள், வருடத்துக்கு இரண்டு வாரம் சுவிட்சர்லாந்தில் சேர்ந்து வாழ்கிறார்கள். அவன் பியானோ வாசித்த ஏரிக்கரைக் கிராமமான ஐசெல்ட்வால்டுக்கு ரசிகர்கள் குவிந்ததில், 2023 முதல் அந்தப் படகுத்துறையில் ஏறவே 5 ஃபிராங்க் கட்டணம். அவ்வளவு பேருக்கு அந்த முடிவு தேவைப்பட்டிருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

எனக்கு அதைப் பார்க்கும்போது நினைவுக்கு வருவது வேறு. கொரியப் போரில் பிரிந்த உறவினரைப் பார்க்க வேண்டுமென்று தென் கொரியாவில் பதிவுசெய்தவர்கள் 1,30,000-க்கும் மேல். பெரும்பாலானவர்கள் பார்க்காமலே இறந்துபோனார்கள். கடைசிச் சந்திப்பு 2018 ஆகஸ்டில் கும்காங் மலையில் நடந்தது: மூன்று நாளில் சில மணி நேரம், அதுவும் பெரும்பாலும் அதிகாரிகள் முன்னிலையில். எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்கள் பஸ் ஜன்னல் கண்ணாடியில் கைவைத்து விடைபெற்றார்கள். அதற்குப் பிறகு ஒரு சந்திப்பும் நடக்கவில்லை. இதை அறிந்த நாட்டில், இதை அறிந்த எழுத்தாளர், எல்லைக் கோட்டிலும் குறுஞ்செய்தியிலும் அந்தப் பிரிவின் முழு எடையை ஒருமுறை நம் கையில் கொடுத்தார். பிறகு ஆல்ப்ஸ் புல்வெளியைக் காட்டி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.