ஆறாத படையும் கணையமும்

களிம்பு மாற்றி மாற்றிப் பூசியும் ஆறாத படை சிலருக்கு உண்டு. பெரும்பாலும் காரணம் தோலிலேயே இருக்கும். மிக அபூர்வமாக அது இரைப்பைக்குப் பின்னால் மறைந்திருக்கும் கணையத்தில் இருக்கிறது.

இடுப்பு மடிப்பு, தொடை, பிட்டம், வாயோரம் ஆகிய இடங்களில் செந்தடிப்பு தோன்றும். அதன் ஓரம் கொப்புளித்து உடைந்து பொருக்குத் தட்டும். நடுவில் ஆறிக்கொண்டே ஓரத்தில் பரவும். இப்படியொரு நோயாளிக்குக் கணையத்தில் கட்டி இருந்ததை 1942இல் பெக்கர், கான், ராத்மன் ஆகிய மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அந்தக் கட்டிக்கு இன்று குளுக்ககோனோமா என்று பெயர். ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் கல்லீரலிலிருந்து அதை வெளிக்கொணர்வது குளுக்ககான் ஹார்மோன். கட்டி அதை அளவின்றிச் சுரக்கும்போது சர்க்கரை ஏறுகிறது. ரத்தத்தில் உள்ள அமினோ அமிலங்களையும் கல்லீரல் கரைத்துவிடுகிறது. புரதம் கட்ட வழியின்றித் தோலின் மேலடுக்கு மடிகிறது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். அமினோ அமிலங்களை ரத்தத்தில் ஏற்றியதும் சிலருக்குப் புண் ஆறியிருக்கிறது. கட்டியை அகற்றினால் சில நாள்களிலோ வாரங்களிலோ தோல் தெளிந்துவிடும்.

ஆண்டுக்கு 2 கோடி பேரில் ஒருவருக்கு வரும் நோய் என்பதால் யாருக்கும் சட்டென்று சந்தேகம் எழுவதில்லை. பூஞ்சைத் தொற்று, எக்ஸிமா, சொரியாசிஸ் என்று ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. கட்டி மெதுவாகத்தான் வளர்கிறது. ஆனாலும் கண்டுபிடிக்கும்போது பாதிக்கும் மேற்பட்டோருக்கு வேறு உறுப்புகளுக்குப் பரவியிருக்கிறது. வேதனை தரும் தாமதம் இது.

கணைய நோய் தோலில் காட்டும் இன்னொரு அடையாளத்தை 1883இல் ஹன்ஸ் கியாரி விவரித்தார். உணவுக் கொழுப்பைச் செரிக்கவேண்டிய லைபேஸ் நொதி, நோயுற்ற கணையத்திலிருந்து ரத்தத்தில் கலந்து, தோலுக்கடியில் உள்ள கொழுப்பைச் சிதைக்கிறது. கால்களில் சிவந்து வலிக்கும் முண்டுகள் எழும். உடைந்தால் எண்ணெய் போன்ற பழுப்புத் திரவம் கசியும். மூட்டுகளும் வீங்கலாம். கணைய நோயாளிகளில் 2 முதல் 3 சதவீதத்தினருக்கே இது வந்தாலும், வயிற்றுவலிக்குப் பல மாதங்கள் முன்பே தலைகாட்டக்கூடும். திசுப் பரிசோதனை இதை உறுதிசெய்துவிடும்.

ஒவ்வொரு தடிப்புக்கும் பயப்பட வேண்டாம். ஆனால் ஆறாத புண்ணோடு உடல் எடை குறைந்து, நாக்கு புண்ணாகி, புதிதாகச் சர்க்கரையும் சேர்ந்தால், அவற்றை மூன்று மருத்துவர்களிடம் தனித்தனியாகச் சொல்லாதீர்கள். ஒரே மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். குளுக்ககான் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனையும் சிடி ஸ்கேனும் தேவையா என்று கேளுங்கள்.